ஆட்டு எரு அந்த வருஷம்

சோளமும் கம்பும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்த பிறகு, மாசி கடைசியில் சாத்தூர்ப் பக்கத்துப் புஞ்சைகளில் மனித நடமாட்டம் குறைந்துவிடும். அடுத்த பருவமழை வர ஏழு மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் எருவுக்காக ஆட்டுக் கிடை வந்து இறங்கும். ஐந்நூறு செம்மறிகள், நடுவே இருபது முப்பது வெள்ளாடுகள், நாலைந்து ஆட்கள், ஒன்றிரண்டு நாய்கள், வலை, கம்பு, குட்டிகளைப் போட்டு அடைக்கிற கூடு, ஒரு சைக்கிளிலோ பைக்கிலோ தொங்கும் சமையல் சாமான். புஞ்சைக்காரர் கிடைக்காரரிடம் பேசும் பேச்சில் பணத்தைவிட இடமே முக்கியமாக இருக்கும்: “அண்ணாச்சி, மேல ஓரம் சுண்ணாம்புப் பாறை மாதிரி கிடக்கு, அங்க ரெண்டு ராத்திரி கூடப் போட்டுக் குடுங்க.” தன் நிலத்தில் எந்த மூலை பலவீனம் என்று அவருக்குத் தெரியும். அங்கே எத்தனை இரவு ஆடு படுக்க வேண்டும் என்று கிடைக்காரருக்குத் தெரியும்.

‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. வேதியியல் ஆய்வகம் எதுவும் இல்லாத காலத்தில், மகசூலைப் பார்த்தே கண்டுபிடித்த உண்மை அது. அது ஏன் உண்மையாகிறது என்று தேடிப் போனால், ஆடு மேய்ப்பது இந்த வறண்ட பூமிக்கு என்ன செய்கிறது என்பது முழுக்கப் புரிந்துவிடும்.

முதலில் மண். வைப்பாற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் கரிசல், நல்ல களிமண் வகை. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பது அதனால்தான். கருப்பாக இருப்பதைப் பார்த்து இதில் மட்கு நிறைய இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. மானாவாரிக் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான். தழைச்சத்தும் குறைவு. மணிச்சத்தைப் போட்டால் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். துத்தநாகப் பற்றாக்குறை சாதாரணம். ஆனால் இந்தக் களிமண்ணுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தண்ணீரையும் அமோனியம், பொட்டாசியம் போன்ற சத்துகளையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும். கொடுத்தால் வீணாக்காத மண். கொடுப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் மண்ணின் மேற்பரப்பு பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். இந்தக் காய்ச்சல்தான் உரத்துக்கு எதிரி. சோளத்தட்டையும் பருத்தி இலையும் புல்லும் மக்க வேண்டுமானால் நுண்ணுயிர்கள் வேலை செய்ய வேண்டும். நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். மழைக்காடுகளில் சீக்கிரமே மண்ணாகிவிடும் இலை, இங்கே மாதக்கணக்கில் அப்படியே கிடந்து வெயிலில் பொடிந்து காற்றில் போகும். இல்லாவிட்டால் கரையான் எடுக்கும், அதுவுமில்லை என்றால் யாராவது தீ வைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஆட்டின் வயிறு வருகிறது. அசைபோடும் விலங்குகளுக்கு இரைப்பை நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிற்றில் ஏறக்குறைய 39 டிகிரி சூடு, எப்போதும் ஈரம், உள்ளே கோடானுகோடி பாக்டீரியா, பூஞ்சை, ஒருசெல் உயிர்கள். மனிதனாலோ கோழியாலோ செரிக்க முடியாத செல்லுலோஸை இவை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. ஆடு அதை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களையே புரதமாகச் செரித்தும் விடுகிறது. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது, மக்கும் வேலை தடையில்லாமல் நடக்கும் ஒரே ஈரமான இடம் அதுதான். நான்கு காலில் நடமாடும் எருக்குழி. காலையில் தின்ற அரிதாள் இரண்டு மூன்று நாளில் புழுக்கையாக வெளியே வருகிறது. அதே அரிதாள் மண்ணில் கிடந்திருந்தால் அடுத்த மழை வரை காத்திருந்திருக்கும்.

பழமொழிக்கு வருவோம். மண்ணில் விழும் எந்தக் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது, அவற்றுக்குக் கரிமம் எவ்வளவு, தழைச்சத்து எவ்வளவு என்பதே கணக்கு. ஏறக்குறைய 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் அவற்றின் தேவை சரியாகிவிடும். கரிமம் அதைவிட அதிகமாக இருந்தால், பற்றாத தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிருக்கு அந்தப் பருவத்தில் ஒன்றும் மிஞ்சாது. சோளத்தட்டையை அப்படியே உழுதுவிட்டால் அடுத்த பயிர் மஞ்சளடிப்பது இதனால்தான். மாட்டுச் சாணத்தில் நார் அதிகம், ஆகவே அது மெதுவாக அவிழும். ஆடு நன்றாக மென்று அரைத்து, இலையையும் நெற்றையும் கொழுந்தையும் தேடித் தின்னும் பிராணி. அதன் புழுக்கையில் தழைச்சத்து விகிதம் கூடுதல், துகளும் நுண்ணியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி ஆட்டு எருவில் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல் சத்து. சாதாரணத் தொழு உரத்தில் இவை முறையே 0.5, 0.2, 0.5. மழை விழுந்ததும் ஆட்டு எரு அவிழ்ந்து அந்தப் பயிருக்கே கிடைத்துவிடுகிறது. மாட்டு எரு நிதானமாக மட்கைச் சேர்த்து மறுவருஷம் பலன் தருகிறது. இரண்டும் வேண்டும் என்பதே விவசாயியின் அனுபவம்.

கிடையில் எருவைவிடப் பெரிய விஷயம் மூத்திரம். கொட்டிலில் கட்டி வளர்த்தால் புழுக்கையைக் கூட்டி அள்ளிவிடலாம். மூத்திரம் தரையோடு போய்விடும். புஞ்சையில் படுத்தால் அது நேராக மண்ணுக்குள் இறங்கும். ஆடு வெளியேற்றும் தழைச்சத்தில் கணிசமான பங்கு மூத்திரத்தில் யூரியாவாகப் போகிறது. நாம் கடையில் மூட்டையாக வாங்கும் அதே யூரியாதான். மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி ஓரிரு நாளில் அதை உடைத்து அமோனியா ஆக்கிவிடும். கரிசலோ காரத்தன்மை உள்ள மண். காரமண்ணும் கோடைச் சூடும் சேர்ந்தால் அமோனியா வாயுவாகிக் காற்றில் கிளம்பிவிடும். விடியற்காலையில் கிடைக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரநெடி, பயிருக்குப் போக வேண்டிய சத்து பறந்து போவதன் வாசம்.

அதனால்தான் விவரமான விவசாயி கிடை எழும்பிய இடத்தை மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொத்துக்கலப்பையால் மேலோட்டமாகக் கிளறிவிடுகிறார். நாலு விரல் மண் மூடினால் போதும். களிமண் அமோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘உழவு பிறகு பார்த்துக்கலாம்’ என்று இரண்டு வாரம் விட்டால், கொடுத்த கூலியில் பாதி காற்றோடு போனது மாதிரி. கிடை போட்டும் பலன் தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எப்போது உழுதீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆடு இரவில் அரைக் கிலோ ஈரப் புழுக்கை போடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஐந்நூறு ஆடு, ஓர் ஏக்கரில் இடம் மாற்றி மாற்றி எட்டு இரவு படுத்தால் இரண்டு டன். ஈரம் போனால் எண்ணூறு கிலோ காய்ந்த எரு. அதில் உள்ள தழைச்சத்தையும் மூத்திரத்தில் வந்ததையும் சேர்த்து, போக வேண்டியது போனது போக, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் ஏறக்குறைய 21 கிலோவுக்குக் குறையாது. கூடவே மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம் முதலான நுண்சத்துகள், எல்லாவற்றுக்கும் மேலாக அரை டன்னுக்குக் குறையாத அங்ககப் பொருள். யூரியா மூட்டை மானிய விலையில் 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது என்பதால் கிடை தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். மூட்டையில் அங்ககப் பொருள் இல்லை. மழை இல்லாத ஆண்டில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பயிரைப் பத்து நாள் தாங்க வைப்பது அந்த அங்ககப் பொருள்தான்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஆடு சத்தை உற்பத்தி செய்வதில்லை. ஒரு கிராம் மணிச்சத்தைக்கூட அதனால் உண்டாக்க முடியாது. பகலில் கண்மாய்க்கரையிலும் தரிசிலும் ஓடைப்புறத்திலும் மேய்ந்ததை இரவில் புஞ்சையில் கொண்டுவந்து இறக்குகிறது. அதாவது புறம்போக்கின் வளம் புஞ்சைக்கு மாறுகிறது. மேய்ச்சல் நிலம் பரந்து, புல் மீண்டும் முளைக்க இடைவெளி கிடைத்தால் இந்தக் கைமாற்று எத்தனை நூற்றாண்டானாலும் நடக்கும். மேய்ச்சல் நிலம் சுருங்கிச் சுருங்கி, அதே ஆடுகள் அதே பத்து ஏக்கரில் தினமும் மேய்ந்தால், புல்லின் வேர் சாகும், மண் இறுகும், மழைத் தண்ணீர் இறங்காமல் ஓடும், ஆட்டுக்காரரே பழிக்கு ஆளாவார். ஆடு நிலத்தைக் கெடுக்கிறதா, காக்கிறதா என்ற பழைய சண்டைக்கு விடை ஆட்டிடம் இல்லை. எவ்வளவு நேரம் ஓர் இடத்தில் நின்றது, மறுபடி எப்போது அங்கே வந்தது என்பதில் இருக்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் கிடை இந்த விதியை இயல்பாகவே கடைப்பிடிக்கிறது.

நகர்த்துவதில் உள்ள கைப்பக்குவத்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஆடு படுத்த இடத்திலேயே விட்டால் எரு ஒரே இடத்தில் குவியும். ஆகவே நடுராத்திரியில் ஒரு தடவை எழுப்பிப் பக்கத்துப் பாத்திக்கு நகர்த்துவார்கள். ஆடு எழுந்து நின்றதும் முதலில் செய்வது மூத்திரம் பெய்வது, பிறகு புழுக்கை. விடிந்து மேய்ச்சலுக்குக் கிளப்பும்போதும் அப்படித்தான். உடனே ஓட்டிவிடாமல், எழுப்பிச் சற்று நேரம் நிற்க வைப்பார்கள். நிலத்துக்காரருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டுத்தான் மந்தை வரப்பைத் தாண்டும். அவசரக்காரன் மந்தை பாதையில் போட்டுக்கொண்டே போகும். நல்ல கிடைக்காரர், சாதாரணக் கிடைக்காரர் என்று ஊர் பிரித்துச் சொல்வது இதை வைத்துத்தான். நிறை சினை ஆட்டை எந்தப் பக்கம் படுக்க வைப்பது, வலையை நரிக்கும் நாய்க்கும் திருடனுக்கும் எப்படிக் கட்டுவது, எந்த நெற்றுக்கு எந்தத் தொரட்டி என்பதெல்லாம் இதே பாடத்தின் மற்ற பக்கங்கள்.

இந்தப் பூமிக்கென்றே இனங்கள் உண்டு. சாத்தூருக்குக் கிழக்கே விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள வேம்பூர், ஒரு செம்மறி இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர். வெள்ளை உடம்பில் சிவப்பும் பழுப்பும் திட்டுத் திட்டாக, காது தொங்கி, கால் நீண்டு இருக்கும். பொட்டு ஆடு என்பார்கள். கம்பளி கிடையாது, குட்டை முடிதான்; வெயிலுக்கு அதுவே வசதி. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. நாளெல்லாம் நடக்கும். வெள்ளாட்டில் கன்னி ஆடு: சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கங்களில் காணப்படும் உயரமான கருப்பு ஆடு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவந்திருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி போடுவது சகஜம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கொடி ஆடுகள் செம்மறி மந்தைக்கு முன்னோடிகளாகப் போகும். தலை குனிந்தே நடக்கும் செம்மறிகள் அவற்றைப் பின்தொடரும். சாத்தூரில் கால்நடை பராமரிப்புத் துறையின் ஆட்டுப்பண்ணை ஒன்று இருக்கிறது. இந்த வட்டாரச் செம்மறி இனங்களைக் கலப்பில்லாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. மதுரையைச் சேர்ந்த சேவா அமைப்பு நாட்டினங்களை வளர்ப்பவர்களைத் தேடிப் பதிவு செய்துவந்திருக்கிறது. ஆனால் ஓர் இனம் பண்ணையில் மட்டும் பிழைக்காது. நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் நடந்து, நெற்றையும் அரிதாளையும் தின்று பிழைக்கும் திறன்தான் வேம்பூர் ஆட்டின் குணம். அந்த நடையை எடுத்துவிட்டால் இனத்தின் பெயர் மட்டும் மிஞ்சும்.

புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு தொடங்கினால் கரிசலில் மந்தைக்கு இடமில்லை. பயிர் நிற்கும், சேறும் குளம்பைப் பிடிக்கும். ஈரத்தில் குளம்பழுகல் வரும், மழைக்காலப் பூச்சிகள் கடித்து நீலநாக்கு நோய் பரவும், புதுப்புல்லை வயிறு முட்டத் தின்ற குட்டி துள்ளுமாரியில் விழும். அதற்குள் மந்தைகள் மேற்கே செம்மண் காட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நகர்ந்துவிடும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள், அங்கே அறுவடை முடிந்ததும் காவிரிப் படுகை வரை போவார்கள். நிலமில்லாதவர்களின் இந்த நீண்ட நடையை சு. தமிழ்ச்செல்வி தன் ‘கீதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசலின் ஆட்டுக்கிடையை வைத்தே ‘கிடை’ என்று குறுநாவல் எழுதினார். அம்ஷன் குமார் அதை ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். பலருடைய ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கிடையாகப் போவது, யார் புஞ்சையில் எப்போது இறங்குவது என்பதெல்லாம் ஊர் கூடி நடத்திய ஏற்பாடு என்பதை அந்தக் கதை படித்தவர்கள் அறிவார்கள்.

இப்போது வயிற்றுப்பாடு. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மழை பொய்த்த வீடுகளுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும்தான் போக்கிடம். கூலி வாரம் தவறாமல் வருகிறது என்பது உண்மை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளையும் சரவெடியையும் தடுத்த பிறகு பல ஆலைகளில் வேலைநாள் குறைந்தது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்து இருபது பேர் அளவில் உயிரைக் குடித்தது. ஆடு வளர்ப்பு இந்த வேலைகளுக்கு ஈடாக ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி தந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது ஏமாற்று. ஆனால் ஆலைக்குப் போகும் பெண்ணின் வீட்டுக் கொல்லையில் நாலு வெள்ளாடு நின்றால், ஆலை மூடிய மாதம் அவள் வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒரு கிடா, மருத்துவமனைக்கு ஒரு பெட்டை. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டினால் அன்றைக்கே ரொக்கம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிடும் கிடா, தீபாவளி, பக்ரீத் என்று விலை ஏறும் நாட்களை இங்கே சிறுபிள்ளையும் சொல்லும். வங்கியில் போட்ட பணம் குட்டி போடாது என்று பெண்கள் சொல்வது கணக்குத் தெரிந்தே சொல்வது.

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 45 லட்சம் செம்மறிகளும் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகளும் இருந்தன. செம்மறி எண்ணிக்கையில் நாட்டிலேயே ஐந்தாம் இடம். தமிழக அரசு 2011-ல் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. நல்ல எண்ணம். ஆட்டைக் கொடுத்தவர்கள் அது எங்கே மேயும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். பரண் போட்டு வளர்க்கச் சொல்லும் யோசனை கிணறும் பசுந்தீவனமும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். நிலமே இல்லாதவர் தீவனத்தை விலைக்கு வாங்கி ஆடு வளர்த்தால் லாபம் தீவனக் கடைக்குப் போகும்.

நிலக்காட்சிக்கு ஆடு செய்யும் வேலை இன்னும் உண்டு. புழுக்கையும் சாணமும் விழுந்த இடத்துக்குச் சாணி வண்டுகள் வந்துவிடும். உருண்டை பிடித்து மண்ணுக்குள் இழுத்துப் போய் முட்டையிடும். அந்தத் துளைகள் வழியே காற்றும் தண்ணீரும் இறங்கும். குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து எருவில் வெளியேறி இந்த வண்டின் புழுக்களைக் கொல்லும் என்பதால், காரணமில்லாமல் மருந்து கொடுப்பதைக் குறைக்க வேண்டும். மந்தைக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் கரிச்சானும் வரும், குளம்படியில் கிளம்பும் பூச்சியைப் பிடிக்க. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இந்த வெட்டவெளியில் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளுக்கு வேண்டியது புல்வெளிதான். நம் அரசு ஆவணங்களில் இந்த வெளிக்கெல்லாம் பெரும்பாலும் தரிசு என்றே பெயர். மரம் இல்லாததால் பயனற்றது என்று முடிவுகட்டி, சோலைவனமாக்குகிறோம் என்று குழி தோண்டுகிறவர்கள், மேய்ச்சலால் வாழும் ஒரு புல்வெளியை அழிக்கிறோம் என்பதை அறிவதில்லை.

சீமைக்கருவேலம் இன்னொரு சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மரம் வைப்பாற்றுக் கரையையும் கண்மாய்களையும் பிடித்துக்கொண்டது. அதன் நெற்று இனிப்பு; ஆடு மாடு விரும்பித் தின்னும். கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதையில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியே வந்து, கூடவே விழுந்த எருவில் சுகமாக முளைக்கும். நன்றாக மென்று தின்னும் ஆட்டைவிட மாட்டின் வயிற்றில் அதிக விதை தப்பிக்கிறது. ஆகவே ஆட்டுக்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யலாம்: நெற்றைப் பொறுக்கி, காயவைத்து, அரைத்து மாவாக்கித் தீவனத்தில் கலப்பது. விதை நொறுங்கிப் பரவல் குறையும். கோடையில் சத்துள்ள தீவனமும் கிடைக்கும். ஊருக்கு ஓர் அரவை இயந்திரம் இருந்தாலே இது நடக்கும்.

மீத்தேன் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். செல்லுலோஸை உடைக்கும் அதே வயிறு மீத்தேனையும் உண்டாக்கி ஏப்பமாக விடுகிறது. காலநிலைக் கணக்குகளில் நம் போன்ற நாடுகளின் ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு 5 கிலோ என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெப்பமாக்கும் திறனில் அது சுமார் 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அறுபது லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடு. மேய்ச்சல் மண்ணில் சேரும் கரிமம் இதையெல்லாம் ஈடுகட்டிவிடும் என்று சிலர் உலகெங்கும் பிரசாரம் செய்கிறார்கள். 2017-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, மிக நல்ல சூழலில்கூட ஒரு பகுதியைத்தான் ஈடுகட்ட முடியும் என்று காட்டியது. ஆகவே ஆட்டை வைத்துப் புவி வெப்பத்தைத் தணிக்கலாம் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் சோயாவும் சோளமும் விளைவித்துத் தின்னக் கொடுக்கும் மேல்நாட்டுத் தொழிற்பண்ணையையும், மனிதன் தின்ன முடியாத அரிதாளையும் நெற்றையும் தின்று புஞ்சைக்கு எரு போடும் சாத்தூர் மந்தையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. இந்த மந்தை அழிந்தால் அதன் இடத்தில் யூரியா மூட்டை வரும். அதைச் செய்ய இயற்கை எரிவாயு எரியும்.

மந்தை அழிகிறதா என்றால், மெல்ல நெருக்கப்படுகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் பேருந்து நிலையமும் அலுவலகமும் கட்டுகிறார்கள். தரிசுகளில் சூரிய மின்தகடுகள் வந்துவிட்டன. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தகடுகளுக்கு அடியில் வளரும் புல்லை அடக்கச் செம்மறிகளை வாடகைக்கு அமர்த்துகிறார்கள். நம் ஊரில் வேலி போட்டு ஆட்டை விரட்டிவிட்டு, அதே புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கலாமா? மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமானது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையையும் பெயர் சொல்லி ஏற்கிறது. மலையில் மாடு மேய்க்கும் மலைமாட்டுக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

ஸ்பெயின் நாட்டில் 1995-ல் ஒரு சட்டம் போட்டு, ஆடு மாடு நடந்து போகும் பழைய பாதைகளைப் பொதுச்சொத்தாகக் காத்தார்கள். மொத்த நீளம் ஏறக்குறைய 1,25,000 கிலோமீட்டர். வருஷத்துக்கு ஒரு நாள் தலைநகர் மாட்ரிட்டின் நடுவீதியில் செம்மறிகள் நடக்கும்; ஊரே கூடி நின்று பார்க்கும். ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. நம் பள்ளிக்கூடங்களிலோ, ‘படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போகணும்’ என்று இன்னும் சொல்லித் திட்டுகிறோம். நீலநாக்கையும் துள்ளுமாரியையும் அறிகுறியில் கண்டுபிடித்து, முந்நூறு ஆட்டை முகம் பார்த்து அடையாளம் சொல்லி, எந்த மண்ணில் எத்தனை இரவு என்று கணக்குப் போடும் ஒருவரின் மகன் அந்த வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்கிறான். அவன் வளர்ந்ததும் திருப்பூருக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறான். தடுப்பூசி, மருத்துவம், வலை, கொட்டகை எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கிறது. இந்த வேலைக்கு மரியாதை தருவதற்குத் திட்டம் தேவையில்லை. நம் வாய் மாறினால் போதும்.

மரியாதையோடு மேய இடமும் வேண்டும். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமத்துப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்று எந்தெந்தச் சர்வே எண் இருக்கிறது, அதில் இப்போது என்ன நிற்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கிடை வரும் பாதையையும் கண்மாய்க்கரை மேய்ச்சலையும் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.